‘ஆதரவற்ற நிலையில் இருக்கிறேன்’ என்ற அந்த ஒரு வரி

முதியோர் உதவித்தொகை மனுக்களை விசாரிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஓஏபி என்று ஊரில் சொல்லும் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதவும் என்னிடம்தான் வருவார்கள். அதில் பாதியிலேயே எழுந்து போகிறவர்களைப் பற்றியதுதான் இந்த மடல்.

விழிப்புணர்வு இல்லாததால்தான் மனு போடுவதில்லை என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் 1962 முதல் இருக்கும் திட்டம் இது. மாதப் பணம் 2011இல் ஆயிரம் ரூபாயானது, 2023இல் 1,200 ஆனது எல்லாம் எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கு அத்துப்படி. எந்தத் தெருவில் யாருக்குப் பணம் நின்றுபோனது என்பதுகூட என்னைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

போன வாரம் ஓர் அம்மா வந்தார். துணிக்கடைப் பைக்குள் ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக், இரண்டு போட்டோ, எல்லாம் சரியாக இருந்தன. பழக்கதோஷத்தில் ‘ஆதரவற்ற நிலையில் இருக்கிறேன்’ என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

“அப்படின்னா?”

“பார்த்துக்க ஆள் இல்லைன்னு.”

“எம் பையன் திருப்பூர்ல இருக்கான்யா. இல்லைன்னு எழுதவா?”

பணம் அனுப்புகிறாரா என்று நான் கேட்கவில்லை. கட்டியிருந்த புடவை தீபாவளிக்கு அவன் எடுத்துக் கொடுத்தது என்று அவராகவே சொன்னார். எந்தத் தீபாவளியோ, வெளுத்துப்போயிருந்தது. ஜெராக்ஸ் காசை எண்ணி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

விதியில் என்ன இருந்தாலும் ஊரில் அந்த வரிக்கு ஒரே பொருள்தான்: பெற்ற பிள்ளை சோறு போடவில்லை என்று கைநாட்டு வைப்பது. அப்புறம் விசாரணைக்கு வருகிறவர் வாசலில் நின்றபடியே “பையன் பார்த்துக்கலையா?” என்பார். பக்கத்துத் திண்ணையில் நாலு காதுகள் இருக்கும். மருமகளுக்குச் சேதி போக அரை நாள் போதும்.



அந்த வரி இல்லாமலும் மனு செல்லும் என்றால் எங்களைப் போல மனு எழுதுகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், நாளையே நிறுத்திவிடுகிறேன். விசாரணைக்குப் போனால் வீட்டுக்குள் உட்கார்ந்து கேளுங்கள். மகனைப் பற்றிக் கேட்காமல், இந்த மாதம் மாத்திரை எந்தக் காசில் வாங்கினீர்கள், அடுப்பு எத்தனை வேளை எரிகிறது என்று கேளுங்கள். பொய் சொல்லாமலும் பிள்ளையை விட்டுக்கொடுக்காமலும் அதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள்.

அந்த அம்மாவின் மனுவை நான் கிழித்துப் போடவில்லை. பெயர், கதவு எண், தெரு வரை எழுதியாகிவிட்டது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்