லினக்ஸைத் திறந்துவிடுங்கள்: எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டு ஆசிரியர்களுக்குக் குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் மடிக்கணினி) தந்தீர்கள். வைரஸ் தொல்லை போனது, திறந்தவுடன் ஓடுகிறது, நல்லதுதான். நாங்கள் கேட்பது ஒன்றே: அதில் வேறு மென்பொருள்களைப் போட்டுக்கொள்ள உதவும் லினக்ஸ் வசதியைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள், அதைத் திறந்துவிடுங்கள். வேர்டு போல ஆவணம் அடிக்க உதவும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பழைய வினாத்தாள்கள் எல்லாம் வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை; அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். கூகுள் டாக்ஸில் நம்மிடம் உள்ள எழுத்துருவை ஏற்ற வழியில்லை. திறந்தால் செய்யுள் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிடக்கிறது. லினக்ஸில் போடும் லிப்ரே ஆபீஸ் என்றால் அந்த எழுத்துருவைச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாக் கணினியிலும் தெரியும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றலாமே என்பீர்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது, நாம்தான் தாமதம், சரி. ஆனால் எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்தால் இடையில் வரும் ஆங்கிலச் சொல்லும் தமிழாகி உளறுகிறது, ‘பொருத்துக’ பகுதி கலைந்துபோகிறது. தேர்வு நெருக்கத்தில் உட்கார்ந்து செய்கிற வேலையா அது?

அதனால் இந்தத் தேர்வுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு டிடிபி கடைக்குப் போனோம். மாணவர்கள் கண்ணில் படக்கூடாத தாள், ஜெராக்ஸ் எடுக்க ஆட்கள் நின்ற கடையில் எல்லாரும் பார்க்கத் திரையில் விரிந்து கிடந்தது. யூனிபார்ம் போட்ட பிள்ளை எவனாவது உள்ளே வந்துவிடுவானோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

லினக்ஸைத் திறந்தால் பாதுகாப்பு போய்விடும் என்கிறார் கணினிப் பொறுப்பாளர். 2018 முதல் குரோம் ஓஎஸ்ஸில் இருக்கும் இந்த லினக்ஸ், தனி மெய்நிகர் இயந்திரத்துக்குள் (கணினிக்குள் தனியாக ஓடும் இன்னொரு கணினி போன்றது) அடைபட்டுத்தான் ஓடுகிறது. டிடிபி கடைத் திரை எந்தப் பாதுகாப்பில் சேர்த்தி என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஆண்டு விழா மலருக்கு வழவழப்புத் தாள் உண்டு, வரவேற்பறைக்குப் பெரிய டிவி உண்டு. காசே கேட்காத லிப்ரே ஆபீஸுக்குத்தான் யோசனை! அப்புறம், ஆண்டுக்கு இரண்டு பருவமழை பார்க்கிற மாவட்டம் இது. காற்றில் ரப்பர் மரம் ஒடிந்து கம்பியில் விழுந்தால் கரண்டோடு நெட்டும் போய்விடும். லிப்ரே ஆபீஸுக்கு நெட் வேண்டாம், பேட்டரி போதும்.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டோம், பொறுத்தருள்க. லிப்ரே ஆபீஸ் இந்தச் சின்ன மெஷினில் மெதுவாகத்தான் திறக்கும். பிரிண்ட் எடுக்கக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அதையெல்லாம் நாங்கள் சமாளித்துக்கொள்வோம். எல்லாருக்கும் திறக்கத் தயக்கம் என்றால், பள்ளியின் கூகுள் நிர்வாகக் கணக்கில் தமிழாசிரியர்களைத் தனிப் பிரிவாகப் பிரித்து எங்களுக்கு மட்டும் லினக்ஸைத் திறந்துவிடுங்கள். ஆண்டுத் தேர்வு வினாத்தாள் வேலை தொடங்கும் முன் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள்