அரை மில்லிமீட்டர் சுவர்: விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு ஒரு திறந்த மடல்

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலிருந்து, விமான இன்ஜின் பாகங்களில் வருகிற தயாரிப்புக் குறையைப் பற்றி எழுதுகிறேன். வெளிமாநிலத்தில் ஒரு விமான இன்ஜின் பழுதுபார்ப்புக் கூடத்தில் 31 வருடம் பரிசோதகனாக வேலை பார்த்தேன். இன்ஜினைக் கழற்றிக் கொண்டுவந்து போடுவார்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, ஒளிரும் திரவத்தில் முக்கி எடுத்துத் துடைத்து, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்ப்பது என் வேலை. விரிசல் இருந்தால் அந்த இடத்தில் திரவம் தங்கி, பச்சையாக ஒரு கோடு ஒளிரும். கோடு தெரிந்தால் சிவப்புச் சீட்டு. அந்தப் பாகம் திரும்ப இன்ஜினுக்குள் போகாது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குச் சாமான் வாங்குவது ஒரு பெரிய வேலை. எங்கள் ஆயா (பாட்டி) வெண்கலப் பானையை விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார்கள். நாதம் நீண்டு வந்தால் வாங்குவார்கள். டொக்கென்று நின்றுவிட்டால், கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் கீழே வைத்துவிடுவார்கள். பின்னாளில் அல்ட்ராசோனிக் கருவியைக் கையாளக் கற்றுக்கொண்டபோது எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்தது. உலோகத்துக்குள் ஒலியை அனுப்பி, அது எங்கே தடுக்கித் திரும்புகிறது என்று பார்க்கிறோம். உள்ளே இருக்கிற குறையைக் கண்ணால் பார்க்க முடியாது. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்ஜினில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதற்கு விமானத்தில் ஏற்பாடு நிறைய இருக்கிறது. இன்ஜினைச் சுற்றி வெப்பத்தை உணரும் கம்பிச் சுற்று இருக்கிறது. விமானி கைப்பிடியை இழுத்தால் எரிபொருள், ஹைட்ராலிக் எண்ணெய் இரண்டும் அங்கேயே அடைபடும். அடுத்து, தீயை அணைக்கிற ஹாலான் வாயுவைப் பாய்ச்சலாம். இன்ஜினுக்கும் இறக்கைக்கும் நடுவில் இருக்கிற தீத்தடுப்புச் சுவர் ஏறக்குறைய 1100 டிகிரி செல்சியஸ் சுடரை 15 நிமிடம் தாங்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இவ்வளவும் தீப்பிடித்த பிறகு செய்கிற வேலை. நான் எழுத வந்தது அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி. உலோகத்தை உருக்கும் உலையிலும் துளை போடும் இயந்திரத்திலும் நுழைந்து, பல வருடம் பறந்த பிறகு தீயாக வெளியே வருகிற குறையைப் பற்றி.

சிங்கப்பூர் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. இங்கே வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருந்திருப்பார்கள். 2010 நவம்பர் 4-ஆம் தேதி அங்கிருந்து 469 பேரோடு கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானத்தில், நாலு நிமிடத்துக்குள் இரண்டாம் இன்ஜின் வெடித்தது. அதன் துண்டுகள் கீழே பாத்தாம் தீவில் விழுந்தன. காரணம் ஒரு சின்ன ஆயில் பைப். அதன் வாய்ப்பக்கத்தில் உட்புறமாகக் கடைந்த துளை மையத்தை விட்டு விலகிவிட்டது. அதனால் பைப்பின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவும் நின்றது. மெலிந்த பக்கத்தில் விரிசல் விட்டு ஆயில் கசிந்தது. உள்ளே இருந்த சூட்டில் ஆயில் பற்றிக்கொண்டது. அந்தத் தீ, இன்ஜினுக்குள் சுழல்கிற கனமான உலோகத் தட்டான டர்பைன் டிஸ்க்கைச் சுட்டுப் பலவீனமாக்க, டிஸ்க் கழன்று வெறிகொண்டு சுழன்று உடைந்தது. இறக்கை கிழிந்தது. தரையிறங்கிய பிறகும் சூடான பிரேக்குகளுக்குப் பக்கத்தில் எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்தது. முதல் இன்ஜினை நிறுத்தவே முடியவில்லை. தீயணைப்பு வண்டிகள் மூன்று மணி நேரம் போராடித்தான் அந்த இன்ஜினை நிறுத்தின. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. விமானிகளின் திறமை அது.

ஆஸ்திரேலிய விசாரணையில் வெளிவந்த விஷயம்தான் என்னைத் தூங்கவிடாதது. பைப் ஒன்று மட்டும் தப்பாகக் கடையப்படவில்லை. அளவு தவறிய அதே மாதிரிப் பைப்புகள் வேறு பல இன்ஜின்களிலும் மாட்டப்பட்டு, பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்துகொண்டிருந்தன.

இதைப் படித்தபோது எனக்கு என் இருட்டறை நினைவுக்கு வந்தது. அப்போது வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் இருக்கும். எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையன், பழைய பாகங்களோடு புத்தம்புதிய ஆயில் பைப் இணைப்பு ஒன்றையும் தெரியாமல் கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட்டான். புதுப் பாகத்தை நாங்கள் சோதிப்பதில்லை. தயாரித்த இடத்தின் சான்றிதழோடு வரும், அப்படியே மாட்டுவார்கள். விளக்கைப் போட்டேன். மூலையில் மயிரிழை போல ஒரு பச்சைக் கோடு. திரும்பத் துடைத்து வைத்தேன், கோடு போகவில்லை.

அந்தப் பெட்டியில் பன்னிரண்டு வந்திருந்தன. நாலு ஏற்கெனவே இன்ஜின்களில் ஏறிவிட்டன. மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "புதுச் சாமான், சான்றிதழ் இருக்கிறது. அந்த ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் போடு" என்றார். கெட்டவர் இல்லை, மறுநாள் காலை இன்ஜின் போயாக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு. அந்த ராத்திரி நானும் பையனுமாக மீதி ஏழையும் சோதித்தோம். ஏழும் சுத்தமாக இருந்தன. கோடு தெரிந்த ஒன்றுக்குச் சிவப்புச் சீட்டு போட்டேன், ஒரு தாளில் விவரம் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் எங்கே போனது என்று எனக்குத் தெரியவே இல்லை. மாட்டிய நாலையும் யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. தயாரித்த இடத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. அதே நாளில் அதே இயந்திரத்தில் செய்த மற்ற இணைப்புகள் எத்தனை ஊருக்குப் போயினவோ! அந்த இன்ஜின்கள் இன்று பறப்பதில்லை, விபத்தும் நடக்கவில்லை. ஆனாலும் நான் அன்றைக்கு இன்னும் ஒரு படி மேலே போய்ச் சத்தம் போட்டிருக்க வேண்டும்.

ஆத்தங்குடியில் எனக்குத் தெரிந்த ஒருவர் பூக்கல் போடுகிறார். கண்ணாடி மேல் வண்ணத்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிற தரைக்கல். ஒரு வீட்டிலிருந்து ஒரு கல் பொரிந்துவிட்டது என்று செய்தி வந்தால், அந்தக் கல்லை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு உட்கார மாட்டார். அது எந்த நாள் போட்டது, அன்றைக்கு மணல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார். அந்த நாள் கல் மொத்தத்தையும் ஒதுக்கித் தட்டிப் பார்ப்பார். ஐயா, நான் உங்களிடம் கேட்பதும் இதுதான். ஒரு பாகத்தில் தயாரிப்புக் குறை கண்டால், அதோடு பிறந்த அத்தனை பாகங்களையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

பழுது அறிக்கை அனுப்ப வேண்டும் என்ற விதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பட்டறையில் ஒரு பாகம் கழிக்கப்படும்போது அது தேய்மானமா, பிறவிக் குறையா என்று பிரித்து எழுத வைக்க வேண்டும். பிறவிக் குறை என்றால், எந்தத் தொகுதியில் செய்தது என்ற பேட்ச் எண், எந்த உலையில் உருக்கியது என்ற உலை எண் எல்லாம் உங்களுக்கும் தயாரிப்பாளருக்கும் அன்றைக்கே போக வேண்டும். கடைசியில் என்ன ஆயிற்று என்ற பதில், கண்டுபிடித்துச் சொன்ன பரிசோதகன் கைக்குத் திரும்பி வர வேண்டும். பதில் வந்தால்தான் அவன் அடுத்த முறையும் சொல்வான். அவசரம் என்று மேலே இருந்து சொன்னாலும் சிவப்புச் சீட்டை அவனைத் தவிர வேறு யாரும் கழற்றக் கூடாது. அவன் நேராக உங்களுக்கு எழுதினால் அவன் வேலை போகக் கூடாது.

பிறவிக் குறை எவ்வளவு காலம் ஒளிந்திருக்கும் என்பதற்கு 1989 ஜூலை 19 சாட்சி. அமெரிக்காவில் சூ சிட்டியில் விழுந்த டிசி-10 விமானத்தின் டைட்டானியம் விசிறி டிஸ்க்கில், உருக்கும்போதே நைட்ரஜன் சேர்ந்து கெட்டியான ஒரு புள்ளி இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் செய்த டிஸ்க் அது. 17 வருடம் ஒழுங்காகப் பறந்து, பிறகு உடைந்தது. 112 பேர் செத்தார்கள். அதன் பின் டைட்டானியத்தை உருக்கும் முறையையே மாற்றினார்கள்.

2016 அக்டோபர் 28-ஆம் தேதி சிகாகோவில் நடந்தது இன்னும் நேரடியாகத் தீ சம்பந்தப்பட்டது. ஓடுதளத்தில் வேகமெடுத்துக்கொண்டிருந்த போயிங் 767 விமானத்தின் வலது இன்ஜினில் டர்பைன் டிஸ்க் உடைந்து, ஒரு துண்டு இறக்கையைத் துளைத்தது. டாங்க் உடைந்து எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தது. இன்னொரு துண்டு ஏறக்குறைய 900 மீட்டர் தள்ளி ஒரு கிடங்கின் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. நல்லவேளை, 170 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். 1997-ல் செய்த அந்த டிஸ்க்கின் நிக்கல் கலவைக்குள் ஒரு குறைப் புள்ளி இருந்தது. அது வெளியே தெரியாது. என்னைப் போன்றவன் விளக்கின் கீழே எத்தனை முறை வைத்துப் பார்த்தாலும் மேற்பரப்பில் கோடு வராது. அந்த விபத்துக்குப் பிறகுதான் அந்த வகை டிஸ்க்குகளை அல்ட்ராசோனிக்கில் பார்க்கக் கட்டாயமாக்கினார்கள். ஆயா தட்டிப் பார்த்த மாதிரி.

இது வெளிநாட்டுச் சங்கதி என்று யாராவது நினைத்தால், 2023-ஐ நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிராட் அண்ட் விட்னி இன்ஜின் டிஸ்க்குகளுக்கான உலோகப் பொடியில் மாசு கலந்திருந்தது என்று அந்த ஆண்டு ஜூலையில் அறிவிப்பு வந்தது. 2015 கடைசியிலிருந்து 2021 வரை தயாரான பொடி. உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான ஏ320 நியோ விமானங்கள் இன்ஜினுக்காகக் காத்து நின்றன. நம் நாட்டிலும் வரிசையாக நின்றன. பயணிகளுக்குச் சிரமம், கம்பெனிகளுக்கு நஷ்டம். ஆனாலும் அப்படி நிறுத்தியதுதான் சரி என்பேன். அந்தப் பொடி எந்தெந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று கணக்கு இருந்ததால்தான் தேடிப் பிடிக்க முடிந்தது.

உங்கள் அலுவலகம் இந்தத் துணிச்சலைக் காட்டியிருக்கிறது. 2018 மார்ச்சில், குறிப்பிட்ட வரிசை எண்ணுக்கு மேற்பட்ட இன்ஜின் மாட்டிய 11 ஏ320 நியோ விமானங்களை ஒரே உத்தரவில் தரையில் நிறுத்தினீர்கள். அன்றைக்கு அதைப் படித்துவிட்டு எங்கள் கூடத்தில் நாங்கள் கைதட்டினோம். 2019-ல் 97 விமானங்களின் இன்ஜின்களை மாற்ற 2020 ஜனவரி 31 வரை கெடு கொடுத்தீர்கள். அந்தக் கெடு பிறகு நீண்டது. மாற்று இன்ஜின் கிடைக்கவில்லை என்பது உண்மையான கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெடுவை நீட்டும்போது, எத்தனை விமானம் பாக்கி, அதுவரை எத்தனை மணிக்கு ஒரு முறை சோதனை என்பதை மக்களுக்குத் தெரிகிற மாதிரி வெளியிடுங்கள். தமிழிலும் வெளியிடுங்கள். திருச்சியிலும் மதுரையிலும் விமானம் ஏறுகிற எங்கள் ஆட்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை.

இன்னொன்று, தீயணைக்கும் ஏற்பாட்டுக்குள்ளேயே வருகிற தயாரிப்புக் குறை. 2013 ஆகஸ்டில் ஜப்பானில் போயிங் 787 விமானங்கள் சிலவற்றில், இன்ஜின் தீயணைப்புக் கருவியின் ஒயர்கள் தொழிற்சாலையிலேயே மாறி இணைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஒரு இன்ஜினுக்காக விமானி அதை இயக்கினால் மற்ற இன்ஜின் பக்கம் வாயு போயிருக்கும். புது விமானம் நாட்டுக்குள் வந்து முதல் பயணிகளை ஏற்றும் முன்பு, இந்த ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை.

ஆட்கள் வேண்டுமே என்பீர்கள். எங்கள் ஊரில் இருக்கிறார்கள். லண்டன் குராய்டனில் விமானம் ஓட்டக் கற்று, ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமான கம்பெனியும் நடத்திய அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் நிலமும் பணமும் கொடுத்து 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திறக்க வழிசெய்தார். உலோகம் அரிப்பதைப் பற்றி அங்கே எழுபது வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது. பக்கத்திலேயே பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக். உலோகத்தை உடைக்காமல் சோதிக்கிற படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. செட்டிநாட்டில் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று புல் மண்டிக் கிடக்கிறது. அதைத் திறக்க வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்துதான் கேட்கிறேன். அது எப்போது நடக்குமோ, பரிசோதகர்களை உருவாக்கும் படிப்பை அடுத்த வருடமே இங்கே தொடங்கலாம். உங்கள் அங்கீகாரம் மட்டும் வேண்டும்.

அந்தப் பெட்டியின் பேட்ச் எண்ணை என் பழைய நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதையும் கூடத்தின் விவரத்தையும் பொதுவில் எழுதாமல் பதிவுத் தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். அந்தத் தாள் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று விசாரிக்க யாராவது வந்தால், எந்த நாளும் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஜின் பாகப் பரிசோதகர்,
கானாடுகாத்தான்