காணி உறுதி இல்லாதவள் கம்பனி தொடங்குவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழில்முனைவோராக வரவேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். ஹட்டனில் பயிற்சிப் பட்டறை, நுவரெலியாவில் சான்றிதழ், மத்தியானம் சோற்றுப் பார்சல். இருக்கட்டும். ஆனால் ஆசையை ஊட்டிவிட வேண்டிய நிலையில் எங்கள் பிள்ளைகள் இல்லை.

என் அண்ணன் மகள் கணினி படித்தவள். அவளுடைய அம்மா இன்றும் கொழுந்து பறிக்கிறார். நிறுவையின்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மீதியைத்தான் எழுதுவார்கள். குறித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். தராசு காட்டிய நிறையும் கழித்த நிறையும் அங்கேயே, அப்போதே, பறித்தவரின் கைபேசிக்கு வந்துவிடும்படி ஒரு செயலியை அவள் தன் தோழிகளுடன் சேர்ந்து செய்திருக்கிறாள். தோட்டத்துரைமார் இதை ஆசையாக வாங்குவார்களா என்பது வேறு கதை!

2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி ஒரே ஒரு பங்குதாரர் இருந்தாலும் கம்பனி பதியலாம். ஆனால் பதிவு அலுவலகம் என்று ஒரு முகவரி காட்ட வேண்டுமே. குடியிருப்பது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், காணி அரசாங்கத்துடையது, 1992 முதல் நிர்வாகம் தனியார் கம்பனியுடையது. கடிதம்கூடத் தோட்ட அலுவலகத்தைச் சுற்றித்தான் வந்து சேர்கிறது. தொழில் கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். காணி உறுதி, அதாவது நில உரிமைப் பத்திரம் கேட்டார்கள். இல்லை என்றதும், அரசாங்க உத்தியோகத்தர் இருவரைப் பிணைக்குக் கூட்டி வரச் சொன்னார்கள். எங்கள் உறவில் அப்படி யாரை எங்கே போய்த் தேடுவது?

இதே பெண்களுக்கு வாரக் கடன் கொடுக்க மட்டும் ஆட்கள் லயத்து வாசலுக்கே வருகிறார்கள். உறுதியும் வேண்டாம், உத்தியோகத்தரும் வேண்டாம்; குழுவில் ஒருத்திக்கு மற்றவள் பிணை. அந்தக் கடனில் தொலைக்காட்சி வாங்கலாம், கல்யாணம் செய்யலாம். முதல் வருமானம் வர ஒரு வருடமாவது பிடிக்கும் ஒரு தொழிலை, அடுத்த வாரமே தவணை கேட்கும் பணத்தில் தொடங்க முடியுமா?

தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று அரசாங்கம் அறிவிக்கும் காணிக்கு வங்கி ஏற்கக்கூடிய உறுதியைப் பெண்ணின் பெயரையும் சேர்த்துக் கையில் கொடுங்கள். அதுவரை, பிரதேச செயலகக் கட்டடத்தில் ஓர் அறையைப் பொது முகவரியாகப் பயன்படுத்த அனுமதித்தாலும் போதும். அடுத்த பட்டறைக்கு ஒரு வங்கி முகாமையாளரையும் ஒரு காணி அதிகாரியையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். கேள்விகளை எங்கள் பிள்ளைகள் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொட்டகலை.