கலண்டர்த் தாளில் ஒரு கணக்கு

அன்பு மகனுக்கு,

நேற்றுப் போனில் நீ "யாழ்ப்பாணம் எங்களைக் கைவிட்டிட்டுதோ அம்மா?" என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதுதான் இப்போது ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

2024 நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலன்று காலமையே அப்பாவும் நானும் போய் வாக்குப் போட்டுவிட்டோம். வாக்குச்சீட்டை விரித்தால் முடிவே இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனத்துக்கு 23 கட்சி, 21 சுயேச்சைக் குழு, மொத்தம் 396 பேர். தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தைத் தேடிப் பிடித்துப் புள்ளடி போடவே எனக்கு நேரம் எடுத்தது.

அன்று இரவு ரீவிக்கு முன்னால்தான் இருந்தோம். ஜனாதிபதி அநுரவின் தெற்குக் கட்சியான தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு 80,830. வீட்டுக்கு 63,327. தமிழ்க் காங்கிரஸின் சைக்கிளுக்கு 27,986, அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழுவின் ஊசிக்கு 27,855. ஆசனம் திசைகாட்டிக்கு 3, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று. வீட்டில் நின்ற சுமந்திரன் தோற்றுவிட்டார். 1994இலிருந்து பாராளுமன்றத்தில் இருந்த டக்ளஸ் தேவானந்தாவும் தோற்றுவிட்டார்.

அப்புறம் கலண்டர்த் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திசைகாட்டி எடுத்தது செல்லுபடியான வாக்கில் கால்வாசிதான். ஆனால் ஆகக் கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் முதலே போய்விடும். 5 சதவீதம் எடுக்காதவர்களைத் தள்ளிவிட்டு மிச்சம் 5 ஆசனத்தைத்தான் பிரிப்பார்கள். எங்கள் வாக்கு வீடு, சைக்கிள், சங்கு என்று தமிழ்க் கட்சிகளுக்குள் சிதறிப்போனது. 2020இல் வீட்டுக்கு 112,967 வாக்கு. போனஸ் வீட்டுக்குத்தான் வந்தது. அப்போது அது அநியாயம் என்று நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை.

ஆனாலும் ராசா, போனஸை மட்டும் சொல்லித் தப்ப முடியாது. செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் அநுரவுக்கு இங்கே விழுந்தது 27,086. எட்டுக் கிழமைக்குள் அது மூன்று மடங்கு. சின்ன மாமாவின் மகனும் திசைகாட்டிக்குத்தான் போட்டான். "பதினைஞ்சு வருசமா ஆளையாள் திட்டினதைத் தவிர எங்கட கட்சிக்காரர் என்ன செய்தவை மாமி?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. தமிழருக்கு அரசியல் தீர்வு வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முந்தி, 34 வருடமாக இராணுவம் மூடி வைத்திருந்த அச்சுவேலி – பலாலி வீதியைத் திறந்தார்கள். அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். வழியில் நிற்க விடவில்லை, மெதுவாகத்தான் போனோம். பெரியம்மாவின் வீடு இருந்த பக்கம் ஒரே பற்றை. கிணற்றுக் கட்டு மட்டும் தெரிந்த மாதிரி இருந்தது. அப்பா ஒன்றும் கதைக்கவில்லை. அந்த வீதிக்காக நான் வாக்கை மாற்றவில்லை. ஆனால் மாற்றினவர்களோடு கோபிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

மட்டக்களப்பையும் பார். 22 தேர்தல் மாவட்டத்தில் திசைகாட்டி முதலாவதாக வராத ஒரே மாவட்டம் அதுதான். அங்கே வீட்டுக்கு 3 ஆசனம்.

கலண்டர்த் தாளையும் இதோடு வைத்து அனுப்புகிறேன். ரொறன்ரோவில் ஆராவது உன்னிடம் யாழ்ப்பாணம் கைவிட்டது என்று கதைத்தால் எடுத்துக் காட்டு. கூட்டலில் பிழை இருந்தால் எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அம்மா