மாப்ளைக்கு ஒரு லெட்டர்

மாப்ள, எப்படி இருக்க? உன் மெசேஜ் பாத்ததுல இருந்து மனசே சரியில்லடா. அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல, மூத்தவளுக்கு காலேஜ் சீட் கெடச்சிருச்சு, வீட்டுல எல்லாம் நல்லாத்தான் போகுது. ஆனா பைக் திருடு போச்சுன்னு சொல்லப் போன தம்பிய எஸ்ஐ கன்னத்துல அறைஞ்சாருன்னு நீ எழுதினதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

அரசியல் கட்சிக்காரரு யாரோ ஸ்டேஷன்ல பேசி முடிச்சி தரேன்னு சொன்னதா எழுதிருந்த, அது வேணாம்டா. அவரு பேசினா வண்டி கேஸ் வேணா பதிவாகும், ஆனா அறைஞ்சது நடக்கவே இல்லங்குற மாதிரி ஆயிடும். ரெண்டையும் தனித்தனி மனுவா எழுது.

வண்டிக்கு எஃப்ஐஆர் போட்டே ஆகணும், திருட்டு மாதிரி குத்தத்த சொன்னா பதிவு பண்ணித்தான் தீரணும்னு லலிதா குமாரி கேஸ்ல 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. புகார வாங்கிக்கிட்டோம்னு வெறும் சிஎஸ்ஆர் ரசீத குடுத்து அனுப்பினா அதோட திரும்பி வந்துடாத, இன்சூரன்ஸ்காரன் எஃப்ஐஆர் காப்பி கேப்பான், அப்புறம் வண்டி கெடைக்கலைன்னு ஸ்டேஷன் சர்டிபிகேட்டும் கேப்பான். எஃப்ஐஆர் காப்பி இலவசம், காசு கேட்டா குடுக்காத. அப்பவும் போடலைன்னா மாவட்ட போலீஸ் தலைமை அதிகாரி எஸ்பிக்கு எழுத்துல அனுப்பு, புது சட்டமான பிஎன்எஸ்எஸ்ல பிரிவு 173(4)னு இருக்கு, அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு போகலாம்.

அறைஞ்ச விஷயத்துக்கு மொதல்ல தம்பிய ஜிஎச்சுக்கு கூட்டிட்டு போ. காது வலிக்குதுன்னு சொல்றான்ல, கேசுவாலிட்டில யாரு அடிச்சாங்க எங்க அடிச்சாங்கன்னு அப்படியே சொல்லச் சொல்லு, ஆஸ்பத்திரில காயத்த பதிஞ்சு குடுக்குற ஏஆர் காப்பில அது ஏறணும், பயந்துகிட்டு கீழ விழுந்துட்டேன்னு சொல்லிட்டான்னா அதோட எல்லாம் போச்சு.

அடுத்தது சிசிடிவி. 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவ 18 மாசம் வெச்சிருக்கணும்னு சொல்லிருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி அதே வருஷம் ஜூன்ல, சாத்தான்குளம் ஸ்டேஷன்ல விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட் என்ன பாத்தாரு? ஹார்ட் டிஸ்க்ல எடம் இருந்தும் பதிவு தினம் தானா அழியற மாதிரி செட் பண்ணி வெச்சிருந்தாங்க. அத நெனச்சாலே எனக்கு வயிறு எரியுதுடா. ஸ்டேஷன்ல அடி வாங்கி அப்பாவும் புள்ளையும் செத்துப் போன அந்த கேஸ்லயே பதிவு இல்லன்னா, நம்ம தம்பிக்கு யாரு எடுத்து வைப்பா? அதனால தேதி, நேரம் போட்டு, இந்த நேரத்து பதிவ அழிக்காம வைங்கன்னு மனுல தனியா ஒரு வரி எழுது, லேட் பண்ணாத.

மனுவ ஸ்பீட் போஸ்ட்ல, போய்ச் சேந்ததுக்கு ஆதாரம் கெடைக்கிற மாதிரி, எஸ்பிக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போடு. ஆணையத்துல பீஸ் எதுவும் இல்ல, வக்கீலும் கட்டாயமில்ல, சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போட்டா போதும், ஆனா அதுவரைக்கும் இழுக்காத. வார்த்தைய ஏத்தி எழுதாத, நடந்தத நடந்த வரிசைல எழுது, ஸ்டேஷன்ல வேற யாரு இருந்தாங்கங்குறதையும் சேத்துக்க.

தம்பி இதுக்கு மேல வேணாம்ணேன்னு சொல்லுவான், நியாயம்தான், அதே ஊருல தான அவன் வண்டி ஓட்டணும். அவன் மனசார சரின்னு சொன்னப்புறம் அனுப்பு, ஆனா ஜிஎச்சுக்கு மட்டும் இன்னிக்கே போயிருங்க. டிராஃப்ட் எழுதி போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடு, நான் ராத்திரி உக்காந்து பாத்து திருத்தி தரேன். ஞாயித்துக்கிழம நானே பஸ் ஏறி வரேன், எஸ்பி ஆபீஸ் போறதா இருந்தா சேந்தே போலாம்.