ஏசி மாட்டுவதற்கும் விதி உண்டு, கேட்கத்தான் ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை வந்தால் கடலூரில் ஏசி விற்கும் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. எத்தனை ஸ்டார், எவ்வளவு தள்ளுபடி என்று துருவித் துருவிக் கேட்பவர்கள்கூட, மாட்ட வருகிறவர் யார், எப்படி மாட்டுவார் என்று கேட்பதில்லை. 'ஃபிட்டிங் ஃப்ரீ' என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. ஒயரிங் வேலையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒன்றரை டன் ஏசி ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும். அதற்கு, வீட்டு மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிபி பாக்ஸிலிருந்து தனி லைன், லோடு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் தனியாக, 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், ஒழுங்கான எர்த் எல்லாம் வேண்டும். ஆனால் பழைய வீடுகளில் விளக்குக்கும் ஃபேனுக்கும் இழுத்த லைனிலேயே பவர் பிளக்கைக் கோத்துவிடுகிறார்கள். எம்சிபி அடிக்கடி விழுந்தால் அதைவிடப் பெரியதைப் போட்டு, "இனிமே விழாது சார்" என்கிறார்கள். விழாதுதான். சுவருக்குள் ஒயர் வெந்துகொண்டிருக்கும்.

அவுட்டோர் யூனிட்டின் கதை இன்னும் மோசம். நம்முடையது உப்புக்காற்று ஊர். தேவனாம்பட்டினம் பக்கம் போய் நிமிர்ந்து பாருங்கள்: பெயின்ட் உரிந்து, போல்ட் தலை தெரியாத அளவுக்குத் துருவேறிய இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு, அதன்மேல் சுமார் 30 கிலோ பெட்டி, கீழே தெருவில் பிள்ளைகள். 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் துருப்பிடிக்காத ஸ்டாண்டு கேட்பவரும் இல்லை, கொடுப்பவரும் இல்லை. பைப்பிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கும் வேக்கம் போடாமல், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றுவதும் வழக்கமாகிவிட்டது. இப்போதைய ஏசிகளில் குளிரூட்டப் பெரும்பாலும் வரும் ஆர்-32 கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பது மாட்டுகிற பையனுக்கே தெரிவதில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு வைத்து விரட்டுகிறார்கள்.

விதி இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஏசி, வெப்பமூட்டல், காற்றோட்டம் இவற்றுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான். மாநில அரசோ உள்ளாட்சியோ ஏற்றால்தான் கட்டாயம். நம் மாநிலத்தில் 2019 முதல் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் நடப்பில் உள்ளன. நடைமுறையில் அதிகாரிகள் பார்ப்பது எத்தனை மாடி, பக்கத்தில் எத்தனை அடி விட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். ஏசி குடிவந்த பிறகு வருவது, அதனால் அது யார் கணக்கிலும் வருவதில்லை. காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசர் மாட்டி, கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிர் போவதும் இதே கேட்பாரற்ற நிலையால்தான்.

வரைபட அனுமதி கேட்கும்போதே அவுட்டோர் யூனிட்டுக்கு இடம், தண்ணீர் வடியும் குழாய், தனிப் பவர் லைன் மூன்றையும் காட்டச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். இப்போது அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில்தான் வடிகிறது. சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது. அப்புறம், மாட்டி முடித்ததும் ஒயர் அளவு, எர்த், வேக்கம், ஸ்டாண்டு விவரங்களை எழுதி மெக்கானிக் கையெழுத்திட்ட தாளை வாரண்டி கார்டோடு கடைக்காரர் தர வேண்டும். லைன் இழுப்பது உரிமம் பெற்ற ஒயர்மேனாக இருக்க வேண்டும். லாட்ஜ், திருமண மண்டபம், தனியார் மருத்துவமனைகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது இந்தத் தாளைக் கேட்பதில் மாநகராட்சிக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. அங்கிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒயர்மேன்,
புதுப்பாளையம், கடலூர்.