கருவி உடையாதாம், உதவியாளரும் வேண்டாமாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்பியல் செய்முறையைக் கணினித் திரையிலேயே பழகும் மென்பொருள்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தில். இரண்டாம் முறை, என் கண்ணில்தான் கோளாறோ என்று சரிபார்க்க. கண் நன்றாகத்தான் இருக்கிறது. "கருவி உடையாது, மின்கலம் தீராது, ஆய்வக உதவியாளரைத் தேடி அலைய வேண்டாம்" என்றுதான் அச்சாகியிருக்கிறது.

31 ஆண்டுகள் அப்படித் தேடப்பட்டவன் நான். அலையவிட்டதற்குக் கட்டுரையாளர் மன்னிக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் இணைப்புக் கம்பிகளின் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பேன். முனையில் பச்சை பூத்திருந்தால், மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் அசையாது. முள் அசையாவிட்டால் நாலு மேசையிலிருந்தும் ஒரே நேரத்தில் "அண்ணா" என்று குரல் வரும். கட்டுரையாளர் படித்த ஆய்வகத்திலும் யாரோ ஒருவர் தேய்த்துத்தான் வைத்திருப்பார். அவர் ஞாபகத்தில் இல்லையென்றால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மென்பொருள் என்றாலே முகம் சுளிக்கும் கிழவன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஆய்வகத்துக்குக் கணினி வந்தபோது அதைத் துடைத்து வைத்தவனும் நான்தான், மாணவர்களை அதன் முன்னே உட்காரவைத்தவனும் நான்தான். கம்பியின் தடிமனை அளக்கும் திருகு அளவிக்கு ஒரே ஒரு சுழிப்பிழைதான், அதாவது இடையில் ஒன்றும் வைக்காதபோதே சுழியிலிருந்து விலகிக் காட்டும் பிழைதான், இருக்கும். வருஷம் முழுக்க அதே கருவியை வைத்துக்கொண்டு எத்தனை முறை பழகினாலும் அந்த ஒரே பிழையைத்தான் பார்க்க முடியும். திரையில் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு புதுப் பிழை வரும். நேர், எதிர், சுழி என்று அரை மணியில் இருபது பார்த்துவிடலாம். வெர்னியர் அளவுகோலில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று பெரிதாக்கிக் காட்டுவதும் அப்படித்தான். பின்வரிசைப் பையனுக்குக் கரும்பலகையில் வராதது அதில் வந்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வண்ணம், ஒலி, 'விளையாட்டுப் போல' என்று ஒன்றரைப் பக்கம் இருக்கிறது.

திரை கற்றுத்தராதது எது என்று கேட்டால், எனக்கு ஒரு செம்புக் கம்பி ஞாபகம் வருகிறது. மூன்று வாரம் கணினியிலேயே பழகி, கேட்ட கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்ன மாணவன் ஒருவன். கையில் முதன்முதலாகத் திருகு அளவியைக் கொடுத்தேன். கம்பியை இடையில் வைத்தான், தலைப்பகுதியைப் பிடித்து முறுக்கினான், முறுக்கினான், விரல் நுனி வெளுக்கிற வரைக்கும் முறுக்கினான். "ஏம்ப்பா இவ்வளவு முறுக்குற?" என்றேன். "கம்பி பட்டதும் தானா நின்னுடும்ல அண்ணா" என்றான். திரையில் நின்றுவிடும். கையில் நிற்காது. அதற்குத்தான் கருவியின் கடைசியில் ராட்செட் என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைப் பிடித்துத் திருப்பினால் போதுமான அழுத்தம் வந்ததும் டிக் டிக்கென்று வழுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு நிறுத்துவதுதான் பாடம். கம்பியை எடுத்துப் பார்த்தோம். ஓரிடத்தில் நசுங்கிப் பட்டையாகியிருந்தது. விட்டம் என்று அவன் எழுதியிருந்தது அந்தப் பட்டையின் தடிமன். அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டது சாகும்வரை மறக்காது. கருவி உடையாது, கம்பி நசுங்காது என்பதை லாபக் கணக்கில் எழுதுகிறார் உங்கள் கட்டுரையாளர்.

நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டும் தனி ஊசலும் அப்படித்தான். ஊசலை விட்ட கணத்திலேயே 'ஒண்ணு' என்று எண்ணத் தொடங்குகிற மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் வருவார்கள். விட்டபோது 'சுழி' என்றல்லவா சொல்ல வேண்டும்! இருபது அலைவு என்று அவர்கள் எழுதுவது உண்மையில் பத்தொன்பது. ஒரு மீட்டர் ஊசலுக்கு 40 நொடி வர வேண்டிய இடத்தில் 38 வரும், அதிலிருந்து கணக்கிடும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 10.9 என்று எகிறும். அந்த விடையோடு ஒருவன் திருதிருவென்று விழிக்கிறானே, அங்கேதான் இயற்பியல் ஆரம்பம். கட்டுரையில் புகழ்ந்திருக்கும் மென்பொருளில் அலைவுகளை நிரலே எண்ணிக் கொடுத்துவிடுகிறது. விழிக்க வழியே இல்லை.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. செய்முறை வகுப்பில் 10.9 வந்தால் பென்சிலால் 38-ஐ 40 ஆக்கு என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களோடு வேலை பார்த்தவன் நான். தேர்வு நெருங்கினால் செய்முறை நேரத்தை எடுத்துப் பாடம் நடத்துவார்கள். உடைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று நல்ல கருவிகளை அலமாரியில் பூட்டிவைப்பார்கள். அண்ணன்மார் ரெக்கார்டு நோட்டிலிருந்து அளவீடுகள் தம்பிமார் நோட்டுக்கு இறங்கும். சில வருஷங்களுக்கு முன் இதையெல்லாம் உங்களுக்கே எழுதினேன். நாலு பக்கம் எழுதியதை நாலு வரியாக்கி, 'ஒரு வாசகர்' என்று போட்டிருந்தீர்கள். நன்றி.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் 2005-ஆம் ஆண்டு ஆய்வைக் கட்டுரையாளர் துருப்புச்சீட்டாக இறக்கியிருக்கிறார். மின்சுற்றைத் திரையில் பழகியவர்கள், கருவிகளோடு பழகியவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களை எதை வைத்துச் சோதித்தார்கள்? தேர்வுக் கேள்விகளோடு, நிஜக் கம்பியும் நிஜ பல்பும் கொடுத்துச் சுற்றை அமைக்கச் சொல்லியும்தான். இந்தப் பாதியைக் கட்டுரையில் காணோம். அந்த ஆய்வில் பயன்படுத்திய ஃபெட் (PhET) மென்பொருளை 2002-ல் தொடங்கிய கார்ல் வீமன் நோபல் வாங்கியதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. அந்தப் பரிசை வாங்கித்தந்த வேலையாக அவர் 1995-ல் ருபிடியம் அணுக்களைக் குளிரவைத்தது நிஜ ஆய்வகத்தில் என்பதற்கும் ஒரு வரி இடம் கொடுத்திருக்கலாம்.

இனி, நான் கடிதம் எழுத உட்கார்ந்த காரணம். கட்டுரையின் கீழே 'தேர்வுக் குறிப்பு' என்ற கட்டத்தில், நேர்ச்சுழிப்பிழையை அளவீட்டோடு கூட்ட வேண்டும் என்று இருக்கிறது. தவறு. இடையில் ஒன்றுமே இல்லாதபோது தலைக்கோலின் (சுழலும் தலையில் உள்ள அளவுகோலின்) 5-ஆம் பிரிவு நிற்கிறதென்றால், கருவி ஏற்கெனவே 0.05 மி.மீ. கூடுதலாகக் காட்டுகிறது. அதைக் கழிக்க வேண்டும். 0.47 என்று காட்டும் கம்பியின் விட்டம் 0.42, உங்கள் குறிப்புப்படி 0.52. கம்பிப் பொருளின் தன்மின்தடையைக் கணக்கிட விட்டத்தின் இருமடி வேண்டும், ஆகவே விடை ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். மாணவர்கள் இந்தக் கட்டத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்திருப்பார்கள். செய்முறைத் தேர்வுக்கு முன்பாக, அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில் திருத்தம் போடுங்கள்.

கடிதத்தை வழக்கம்போல வெட்டுவதாக இருந்தால் மேலே உள்ளது எல்லாவற்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். 'கழிக்க வேண்டும்' என்பது மட்டும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்

பி.கு.: கட்டுரைக்குப் போட்ட படத்தில் ஊசல் குண்டைக் கிட்டத்தட்டக் கிடைமட்டம் வரை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். ஊசலின் அலைவு நேரத்திலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் காணும் சூத்திரம் சிறிய கோணத்துக்கு மட்டும்தான். இதற்குத் திருத்தம் கேட்கவில்லை.